தண்டல் அட்டையும் தரும நூலும்

பழைய சமய நூல்களில் எழுதியிருக்கும் விதிகள் இன்றைக்கு நல்வழி காட்டுமா என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு பதில் தயாராக இருக்கும். எல்லாமே அதில் இருக்கிறது என்பார் ஒருவர். தூக்கிப் போடு என்பார் மற்றவர். இருவருமே அந்த நூலைத் திறந்து படித்தவர்களாக இருப்பது அபூர்வம். பொதுவாகப் பேசும்வரை இந்த வழக்கு முடியாது என்பதால் இன்று ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடனும் வட்டியும். உணவு, தீட்டு, திருமணம் பற்றிய விதிகள் மதத்துக்கு மதம் வேறு வேறு திசையில் போகும், ஒன்றை வைத்து இன்னொன்றை எடைபோட முடியாது. கடன் அப்படியல்ல. வடசென்னை ராயபுரத்தில் படகுத் தொழில் செய்த சமூகத்தார் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. அங்கேயே 1910இல் திறந்த பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. பள்ளிவாசல்கள் இருக்கின்றன. வடக்கே கொஞ்ச தூரம் வந்தால் திருவொற்றியூர் தியாகராசர் கோயில். இந்த நான்கு மரபின் நூல்களும் கடன் கொடுத்தவனையும் வாங்கியவனையும் நேரில் நிறுத்தி விதி செய்தவை. அந்த விதிகளை உரசிப் பார்ப்பதற்கான கல்லும் கூப்பிடு தூரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கிடக்கிறது.

அங்கே விடியுமுன் நடக்கும் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்கு முதல் பெரும்பாலும் தண்டல் பணம்தான். தெருவுக்குத் தெரு தொகையும் பிடித்தமும் மாறும். ஆனால் வழக்கமான கணக்கு இது: பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது 8,500. 1,500 முதலிலேயே பிடித்துவிடுவார்கள். மறுநாளிலிருந்து நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள். வசூலுக்கு வருபவர் சின்ன அட்டை ஒன்றில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். மேலோட்டமாகப் பார்த்தால் பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். அது தப்புக் கணக்கு. வாங்கிய பணம் முழுவதும் நூறு நாளும் அந்த அம்மாவிடம் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சரியாகப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வரும், அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து. இதைவிடக் கொடியது மீட்டர் வட்டி. அதை ஒப்பிட்டுத் தண்டலை நல்ல பிள்ளை என்று சொல்பவர்களும் உண்டு. தமிழ்நாடு அரசு 2003இல் கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே சட்டத்தில் எழுதித் தடை செய்தது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு சுத்தமான மெட்ராஸ் பாஷை வேறெங்கும் இல்லை. இருந்தும் அட்டையில் கையெழுத்து விழுவது நிற்கவில்லை.

இப்போது நூல்களுக்கு வருவோம். மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயம் வட்டிக்கு முதலில் ஒரு நியாய விகிதம் சொல்கிறது: மாதம் நூற்றுக்கு ஒன்றேகால். ஆண்டுக்குக் கணக்கிட்டால் பதினைந்து. இது ஏட்டோடு நின்ற எண் அல்ல. பல்லவர், சோழர் காலத்தில் கோயில் விளக்கு எரிக்கப் பொன்னைக் கொடையாகப் பெற்ற ஊர்ச்சபைகள் அதற்கு ஆண்டுதோறும் பொலிசை, அதாவது வட்டி, கட்டின. கழஞ்சுக்கு 3 மஞ்சாடி என்ற கணக்கு அக்காலக் கல்வெட்டுகளில் வருகிறது. ஒரு கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, ஆகவே அதுவும் பதினைந்து சதவீதம்தான். திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டுகளிலும் நந்தா விளக்குக்கு இப்படிப் பொன் முதலாகக் கிடந்து வட்டி ஈன்ற செய்திகள் உண்டு. ஆக, கடவுள் சன்னிதி வட்டி வாங்காத இடம் என்று யாரும் எண்ண வேண்டாம். இதுவரை சரி. ஆனால் மனு அடுத்த அடியிலேயே வேறொரு பட்டியல் தருகிறார். பிராமணனிடம் மாதம் இரண்டு, சத்திரியனிடம் மூன்று, வைசியனிடம் நான்கு, சூத்திரனிடம் ஐந்து. யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவனிடம் அதிகமாக வாங்கு என்பதே இதன் பொருள். கடனை அடைக்க முடியாதவன் சமமான அல்லது கீழான வருணத்தவன் என்றால் உடலுழைப்பால் தீர்க்கலாம் என்கிறது இன்னொரு விதி. மேல் வருணத்தவன் மெதுவாகப் பணமாகக் கட்டினால் போதும். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் வாங்கிய குற்றத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த இருளர் மக்களைத் திருவள்ளூர் மாவட்டத்தில் அதிகாரிகள் மீட்கும் செய்தி நமக்குப் புதிதல்ல. அந்த ஏற்பாட்டைக் குற்றம் என்று சொல்ல 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தேவைப்பட்டது. மனு சொல்லவில்லை. எனவே பழைய நூல் முழுமையாக வழிகாட்டும் என்ற கட்சி இந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது. இதை நயமாகப் பூசி மெழுகுவதில் பயனில்லை.

இங்கேயே கடையைக் கட்டிவிட்டுப் போகலாமா என்றால், முடியாது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சமய நூல் அல்ல, ஆனாலும் அதே உலகத்தில் பிறந்தது. அது நியாய வட்டி ஒன்றேகால் பணம் என்று சொல்லிவிட்டு, வணிகத்துக்கு ஐந்து, காட்டு வழி போகிறவர்களுக்குப் பத்து, கடலில் போகிறவர்களுக்கு இருபது என்று ஏற்றிக்கொண்டே போகிறது. மனுவும் கடற்பயணக் கடனுக்கு விகிதத்தைத் தான் சொல்லாமல் கடலும் காலமும் லாபமும் அறிந்தவர்களிடம் விட்டுவிடுகிறார். ஏன் இந்த ஏற்றம்? கப்பல் போனால் பணமும் போகும் என்பதால். கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் கடல் கடன் ஒப்பந்தங்களில் இது வெளிப்படையாகவே இருந்தது. கப்பல் கரை சேர்ந்தால் அதிக வட்டி, மூழ்கினால் ஒரு காசும் கேட்கக் கூடாது. உயர்ந்த வட்டி என்பது நஷ்டத்தில் பங்கேற்பதற்காகக் கொடுப்பவனுக்குக் கிடைக்கும் கூலி. இந்த அளவுகோலைக் கொண்டுபோய்க் காசிமேட்டில் வைத்துப் பாருங்கள். மீன் விற்கும் பெண் மாதம் பத்து கட்டுகிறார், அது கௌடில்யர் காட்டு வழி வணிகனுக்கு வைத்த விகிதம். அவர் போவதோ தண்டையார்பேட்டைத் தெருக்களுக்கு. கொடுத்தவர் எந்த ஆபத்தில் பங்கு கொள்கிறார்? ஐஸ் உருகி மீன் கெட்டால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, வலையும் படகும் கறுத்து, பிடித்த மீனையும் வாங்க ஆளில்லாமல் போனபோது, நஷ்டம் மீனவருக்கு. படகுக்காரர் ஏல வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் வட்டி என்ற பெயரே அங்கே இருக்காது. பிடித்து வரும் மீனை அவரிடமே போட வேண்டும், விற்ற தொகையில் கமிஷன் கழியும், கடன் மட்டும் அப்படியே நிற்கும். காட்டு வழிக்கும் கடல் வழிக்கும் உரிய விலையை வாங்கிக்கொண்டு, காட்டிலும் கடலிலும் காலே வைக்காத ஏற்பாடு இது. இதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க எனக்கு உதவியது ஒரு பழைய பட்டியல்தான்.

மனுவின் அதே அத்தியாயத்தில் இன்னொரு விதி இருக்கிறது. பணக் கடனில் வட்டி, முதலுக்கு மேல் போகக் கூடாது; கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்க முடியாது. இந்துச் சட்ட மரபில் இதற்குத் தாம்துபத் என்று பெயர். இந்த விதியின் பிற்கால வரலாறு நம் கேள்விக்கு நேரடிச் சான்று என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1787இல் இங்கிலாந்தின் தத்துவவாதி பெந்தம், வட்டிக்கு உச்சவரம்பு வைப்பது மூடத்தனம் என்று ஒரு நூல் எழுதினார். வயது வந்த இருவர் அறிந்து செய்யும் ஒப்பந்தத்தில் மூன்றாமவருக்கு என்ன வேலை என்பது அவர் வாதம். அன்றைக்கு அதுதான் பகுத்தறிவு, அதுதான் நவீனம். இங்கிலாந்து 1854இல் வட்டி வரம்புச் சட்டங்களை நீக்கியது. மறு ஆண்டே, 1855இல், இந்தியாவிலும் நீக்கினார்கள். அதற்கடுத்த ஆண்டு ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது. முன்னேற்றம் என்றால் அந்தத் தலைமுறைக்கு இரண்டும் ஒன்றுதான். தாம்துபத் விதியை பம்பாய் நீதிமன்றங்கள் இந்துக் கடனாளிகளுக்காகக் காப்பாற்றி வைத்தன, கல்கத்தா நகரத்திலும் அது நிலைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த நூற்றாண்டிலேயே அதை ஏற்க மறுத்துவிட்டது. பிறகு நடந்தது தெரிந்த கதை. 1875இல் புனே, அகமத்நகர் பகுதி விவசாயிகள் வட்டிக்காரர் வீடுகளில் புகுந்து பத்திரங்களைத் தேடிப் பிடித்து எரித்தார்கள். 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. 1918இல் கொடுவட்டிக் கடன் சட்டம் வந்து, அநியாயமான ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை நீதிபதிக்குத் திருப்பிக் கொடுத்தது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. அதன் ஒரு பிரிவு, வட்டியாகவோ முதலாகவோ கொடுத்ததைப் போல இரு மடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. எண்பது ஆண்டு சுற்றி, பழைய விதியின் வாசலுக்கே வந்து நின்றார்கள். ஒரு குறையும் உண்டு. விவசாய நிலத்தில் பாத்தியதை உள்ளவரே அச்சட்டத்தின் கண்ணில் விவசாயி. வலை இழுத்தவருக்கு அதில் இடமில்லை.

இதிலிருந்து மனு சொன்னதால் சரி என்ற முடிவுக்கு நான் வரவில்லை. இரு மடங்கு வரம்பு பலித்ததற்குக் காரணம் அது கடன் எப்படி வளரும் என்பதை நெடுங்காலம் பார்த்தவர்களின் அனுபவத்தில் பிறந்தது என்பதே. வட்டிக்கு வட்டி ஏறினால் உழைப்பால் அதை ஒருபோதும் எட்டிப் பிடிக்க முடியாது என்பதைப் பெந்தமைவிட அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஐந்து பணம் சூத்திரனுக்கு என்ற விதி கொடுப்பவன் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது. இரு மடங்குக்கு மேல் கேட்காதே என்பது வாங்கியவன் நிலையைப் பார்த்து எழுதியது. ஒரே அத்தியாயத்தில் இரண்டும் இருக்கின்றன. எது எந்தப் பக்கத்திலிருந்து எழுதியது என்று பிரிக்கும் வேலையை நூல் நமக்காகச் செய்து தராது.

வசூல் விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். கடனை மீட்க மனு ஐந்து வழி சொல்கிறார். நயமான பேச்சு, வழக்கு, தந்திரம், ஆசரிதம், பலாத்காரம். ஆசரிதம் என்றால் கடனாளியின் மனைவி மக்களையோ மாட்டையோ பிடித்து வைப்பது, வாசலில் உட்கார்ந்து எழ மறுப்பது என்று பிற்கால நூல்கள் விளக்கம் தருகின்றன. இதற்கு நேர் எதிரே விவிலியத்தின் உபாகமம் நிற்கிறது. அடகுப் பொருள் வாங்கப் போகிறவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடனாளியே எடுத்து வந்து கொடுப்பான் என்கிறது. மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது, ஏனென்றால் அது அவன் பிழைப்பு. யாத்திராகமம் ஒருவனின் மேலாடையை அடகாக வாங்கியிருந்தால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு என்கிறது, ஏனென்றால் போர்த்துத் தூங்க அவனுக்கு வேறில்லை. எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள்! இன்றைக்குத் திரிகைக் கல்லின் இடத்தில் படகின் எஞ்சின் இருக்கிறது, மீன் தராசு இருக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளியிடமிருந்து பின் நம்பரோடு வாங்கி வைத்துக்கொள்ளும் ஏடிஎம் கார்டு இருக்கிறது. குழு லோன் தவணைக்கு வருபவர் வீட்டு வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்க்கக் குரல் எழுப்புவது ஆசரிதம்தான். 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடன் வசூலில் மிரட்டல், அவமதிப்பு, பின்தொடர்தல் ஆகியவற்றைக் குற்றமாக்கிச் சட்டம் நிறைவேற்றியது. உபாகமம் வெளியே நில் என்று சொன்னதையே அது தண்டனையோடு சொல்கிறது.

அதே உபாகமம் சகோதரனிடம் வட்டி வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம் என்றும் சொல்கிறதே என்று கேட்பீர்கள். சொல்கிறது. அந்த ஓட்டை வழியாக ஒரு கண்டத்தின் சரித்திரமே கெட்டது. ஐரோப்பாவில் திருச்சபை கிறித்தவர்களுக்கு வட்டியைத் தடுத்தது, 1179இன் லாத்தரன் சங்கம் வெளிப்படையாக வட்டித் தொழில் செய்பவனுக்குக் கிறித்தவ அடக்கம்கூடக் கிடையாது என்றது. மற்ற தொழில்களில் இடம் மறுக்கப்பட்ட யூதர்கள் கடன் தொழிலுக்குள் தள்ளப்பட்டார்கள். பிறகு அதே காரணம் சொல்லி அவர்களை வெறுத்தார்கள், இங்கிலாந்து 1290இல் அவர்களை நாட்டை விட்டே துரத்தியது. விதி தன் வேலிக்கு வெளியே யாரை நிறுத்துகிறதோ, அங்கேதான் கொடுமை சேரும். நம் வேலிக்கு வெளியே யார் என்பதையும் பார்க்கலாம். எண்ணூரிலும் மணலியிலும் ஆலை வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளிக்கு உள்ளூர் முகவரி இல்லை, ஜாமீனுக்கு ஆளில்லை. தெருக்காரருக்குச் சொல்லும் வட்டி வேறு, அவருக்குச் சொல்லும் வட்டி வேறு.

பக்தியுள்ள நண்பர் ஒருவர் இங்கே மறுக்கக் கூடும்: பிடித்ததை எடுத்துப் பிடிக்காததை விட்டால் அது எப்படி விதி? கடவுள் சொன்னதில் பொறுக்கி எடுக்க நீ யார்? நியாயமான கேள்வி. ஆனால் பொறுக்கும் வேலையை நானா தொடங்கினேன்? யூத மரபில் ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்கள் தள்ளுபடியாக வேண்டும். அந்த ஆண்டு நெருங்கினால் யாரும் ஏழைக்குக் கடன் கொடுக்கவில்லை. இதைக் கண்ட ஹில்லேல் என்ற அறிஞர், கடனை நீதிமன்றத்தின் பெயருக்கு மாற்றித் தள்ளுபடியிலிருந்து விலக்கும் ஒரு பத்திர முறையைக் கொண்டுவந்தார். வாசகத்தைத் தளர்த்தினார், ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தைக் காப்பாற்றினார். கிறித்தவச் சீர்திருத்தவாதி கால்வின் 1545இல் எழுதிய கடிதத்தில் வட்டி எல்லாமே பாவமல்ல, ஆனால் ஏழையிடம் வாங்காதே என்று பிரித்தார். நம் ஊர் உரையாசிரியர்களும் மனுவை இப்படித்தான் திருத்தித் திருத்திப் படித்தார்கள். பொறுக்காத மரபு என்று ஒன்று உலகத்தில் இருந்ததில்லை.

வட்டியே கூடாது என்ற இஸ்லாமிய விதியைப் பற்றி வேறொரு மறுப்பு உண்டு. முழுத் தடை வந்தால் கடனே கிடைக்காது, அல்லது வட்டி முக்காடு போட்டுக்கொண்டு வரும் என்பார்கள். பொருளை வங்கி வாங்கி லாபம் வைத்துத் தவணையில் விற்கும் முறையை, பெயர் மாற்றிய வட்டி என்று முஸ்லிம் பொருளியலாளர்கள் சிலரே விமர்சிக்கிறார்கள். இந்த மறுப்பில் பாதியை ஏற்கிறேன். காசிமேட்டில் நாளைக்கே வட்டியை ஒழித்தால், நாளை மறுநாள் ஏலத்தில் மீன் எடுக்கப் பணமில்லாமல் அந்தப் பெண்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுமாறுவதும் இதனால்தான். இன்று போலீசில் புகார் கொடுத்தால் நாளைக்குக் கொடுக்க ஆளில்லை. ஆனால் குர்ஆன் தடையோடு நிற்கவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமானது, கடனைச் சாட்சிகளோடு எழுதி வைக்கச் சொல்கிறது. வாசகத்தைத் தானே சொல்ல முடியாத கடனாளிக்காக அவர் பொறுப்பாளர் சொல்லட்டும் என்கிறது. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் ஊரில் இந்த வசனத்தின் அருமை தெரியும். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களை ஒட்டி வட்டியில்லாக் கடன் நிதிகள் நடப்பதும் இதன் தொடர்ச்சி. வாங்கியவனின் கடமையையும் மறந்துவிடக் கூடாது. பார்சிகளின் வெந்திதாத், வாங்கிய கடனைத் திருப்பாதவன் திருடனுக்குச் சமம் என்கிறது. தள்ளுபடியையே நம்பி வாழும் அரசியலுக்கு இது கசக்கலாம்.

கடைசி மறுப்பு பகுத்தறிவாளர்களிடமிருந்து வரும். இந்த நல்ல விதிகளையெல்லாம் நம் அறிவே கண்டுபிடித்திருக்குமே, எதற்கு இந்தப் பழைய ஏடு? கண்டுபிடித்திருக்கலாம்தான். 1855இல் கண்டுபிடிக்கவில்லை, தொலைத்தது. அறிவுக்கு ஒரு பழக்கம் உண்டு: தன் காலத்துச் செல்வர்களின் வசதியைப் பொது நியாயமாக எண்ணிக்கொள்ளும். மனுவின் காலத்து அறிவு அப்படி எண்ணியது, பெந்தமின் காலத்து அறிவும் அப்படியே எண்ணியது. வேறு காலத்தின் விதிகளை எதிரே வைத்துப் பார்த்தால்தான் நம் காலம் எதைப் பார்க்கத் தவறுகிறது என்பது தெரியும். இன்றைய கடன் சட்டங்கள் வட்டி விகிதத்தைப் பற்றியும் வசூலிப்பவரின் நடத்தையைப் பற்றியும் பேசுகின்றன. வருமானமே இல்லாத நாளில் தவணை ஏன் ஓட வேண்டும் என்ற கேள்வி அவற்றில் அரிதாகவே எழுகிறது. அதைக் கேட்டவை பழைய நூல்கள்.

கேள்வியை நம் கடற்கரைக்குக் கொண்டுவருகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அரசாங்கமே தொழிலை நிறுத்துகிறது, காரணமும் சரியானது, மீன் இனம் பெருக வேண்டும். ஆனால் தண்டல் அட்டையில் அந்த 61 தேதிகளும் உண்டு. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் தன் பங்காக 1,500 கட்டினால் அரசுகளின் பங்கும் சேர்ந்து மெலிந்த பருவத்தில் 4,500 ரூபாய் கிடைக்கிறது. ஒரு பத்தாயிரம் தண்டலுக்கு அது 45 நாள் கட்டுவதோடு சரி. தடைக்காலத்தில் தவணை விழக் கூடாது, அந்த நாட்களுக்கு வட்டி ஏறவும் கூடாது என்று ஒரு விதி செய்தால், தனியார் கடனுக்கும் குழு லோனுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் ஒன்றாகச் செய்தால், 280ஆம் வசனமும் உபாகமமும் தாம்துபத்தும் எந்தப் பக்கம் நின்றனவோ அந்தப் பக்கம் சட்டமும் வந்துவிடும். அந்த இரண்டு மாத நஷ்டத்தை யார் தாங்குவது என்று கேட்டால், வங்கிக்கும் கூட்டுறவுக்கும் வேண்டுமானால் அரசு ஈடு கொடுக்கலாம். மாதம் பத்து வாங்குபவருக்கு ஈடு தேவையில்லை. காட்டு வழியின் ஆபத்துக்கான கூலியை அவர் மீதிப் பத்து மாதமும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.